மூன்றே முக்கால் மைல்

ஜூலை 21

டென்மார்க்கிலிருந்து பார்சல் வந்துவிட்டது. மகள் பிரிஸில்லா சொன்ன நாளுக்கு ஒன்பது நாள் பிந்தி. பெட்டியைத் திறந்ததும் ஜெசிந்தா எட்டிப் பார்த்து, "இம்புட்டுத்தானா? ஒரு தேங்காய் அளவுகூட இல்லையே," என்றாள். என் மனைவிக்கு எதையும் சமையலறைச் சாமானோடு ஒப்பிட்டால்தான் திருப்தி.

மடங்கும் புரொப்பல்லர். என்ஜின் சுழற்றும் ஷாஃப்ட் என்கிற தண்டின் முனையில் மாட்டுவது; வெண்கலம், இரண்டே இறக்கை. என்ஜின் ஓடும்போது இரண்டும் விரிந்து தண்ணீரைத் தள்ளும். என்ஜினை நிறுத்திப் பாய் விரித்துவிட்டால், ஓடும் தண்ணீரே இரண்டையும் பின்னால் மடக்கிவிடும், கும்பிடுகிற கை மாதிரி. இப்போது எங்கள் படகின் அடியில் இருப்பது மூன்று இறக்கைக்காரன். எப்போதும் விரிந்தே கிடப்பான். பாயில் போகும்போது அவன் வெறும் பாரம். ஒரு வாளியைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு போவதற்குச் சமம். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். அவனை மாற்றினால் மணிக்கு அரை மைல் கூடும்.

அந்த அரை மைல் எதற்கு என்பதையும் எழுதிவைக்கிறேன். ஜெசிந்தாவின் தம்பி ரெமிஜியுஸ் முப்பது வருடம் பாய்த்தோணியில் தண்டலாக இருந்தவன். கொழும்பு, மாலத்தீவு என்று சரக்கு ஏற்றிப் போகும் தோணிக்கு அவன்தான் தலைவன். தொண்ணூற்றெட்டுப் புயலில் தோணி உடைந்தது. ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு பதினான்கு மணி நேரம் கிடந்தான். முதலில் கண்ணில் பட்டது மணப்பாடு கலங்கரை விளக்கின் வெளிச்சம். அங்கேயே நேர்ந்துகொண்டான்: வருடா வருடம் செப்டம்பரில் அந்த ஊர்த் திருச்சிலுவைத் திருவிழாவுக்குக் காற்றில் மட்டும் வருவேன், என் கையால் சுக்கான் பிடித்து வருவேன் என்று. என்ஜின் கூடாது. வேறு கை கூடாது.

பன்னிரண்டு வருடமாக நான் கப்பலிலிருந்து ஓய்வு பெற்று வாங்கிய இந்த 'குருசடி'யில்தான் இருவரும் போகிறோம். தூத்துக்குடியிலிருந்து இருபத்தைந்து மைல், ஒரே பகல் ஓட்டம். போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் பிற்பகலில் காற்று செத்து, மாலை ஆராதனைக்கு நேரமாகி, கடைசி ஒரு மணி நேரம் என்ஜின் போடவேண்டியதாயிற்று. போன வருடம் கரையில் இறங்கியதும் ரெமி மணலில் உட்கார்ந்து அழுதான். அறுபது வயது ஆள். "இன்னொரு வருசம் என்ஜின் சத்தம் கேட்டா படகை வித்துருங்க அத்தான். குருசு என்னைய வேண்டாம்னு சொல்லுது," என்றான்.

அவன் மனைவி போன பிறகு அவனுக்கு இருப்பது இந்தப் படகு ஒன்றுதான். அதனால்தான் அரை மைல்.

ஜூலை 22

ரெமியை வரச்சொல்லிக் காட்டினேன். ஜெசிந்தா போய்க் கூட்டிவந்தாள். அடுத்த தெருவிலிருந்து வருவதற்கு அவனுக்கு ஒரு துணை. ஸ்கூட்டரையும் விற்றுவிட்டான், பெட்ரோல் விலையாம்.

புரொப்பல்லரைக் கையில் வாங்கி இறக்கைகளை விரித்தான், மடக்கினான். பல், கீல், ஓரம் எல்லாவற்றையும் விரலால் தடவினான். அதைப் பார்க்கவே இல்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டு தடவினான். நல்ல சாமானை மதிக்கத் தெரிந்தவன். ஆனால் முகத்தில் சந்தோசம் இல்லை.

என் தோளைத் தொட்டுவிட்டுக் கேட்டான். எதைப் பேசுமுன்னும் தோளைத் தொடுவது அவனுடைய பழக்கம், எனக்கு எரிச்சல். "பாய்ல போகும்போது இது சுத்தாதா?"

"சுத்தாது. மடங்கிச் சும்மா கெடக்கும்."

"ஷாஃப்டும் சுத்தாதா?"

"அதுவும் சுத்தாது. நல்லதுதான, தேய்மானம் இல்ல."

"அப்ப ஓட்டம் எப்படித் தெரியும் அத்தான்?"

"ஜிபிஎஸ் கருவி இருக்கில்ல லே? பாத்துக்கோ," என்றேன்.

 காப்பி குடித்துவிட்டுப் போனான். நன்றி என்று ஒரு வார்த்தை வந்திருக்கலாம்.

ஜூலை 24

வேலைக்கு யாரும் வரமாட்டார்களாம். பனிமய மாதா திருவிழா முடியட்டும் என்கிறார்கள். இந்த ஊரில் திருவிழாவுக்கு முந்தின பத்து நாளும் பிந்தின பத்து நாளும் திருவிழாதான்.

ஆகஸ்ட் 5

தேர் பார்த்தோம். கூட்டத்தில் ரெமி, அக்காள் கையை விடாமல் சின்னப் பிள்ளை மாதிரி நடந்தான். நடைபாதைக் கல்லில் இரண்டு தடவை தடுக்கினான். குடிக்கிறானோ என்று ஜெசிந்தாவிடம் கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் மேலே கேட்கவில்லை.

பிரசங்கம் ஒரு எழவும் விளங்கவில்லை. புதுசாக ஸ்பீக்கர் வைத்திருக்கிறார்கள், எல்லாம் டூப்ளிகேட் சாமான். இந்தக் காலத்தில் சாமியார்களும் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள்.

ஆகஸ்ட் 10

படகு கரையேறியது. பழைய துறைமுகத்துப் பக்கம் எசக்கிமுத்துவின் பட்டறையில் வின்ச் வைத்து இழுத்தோம். எசக்கிமுத்து என்னை இன்னும் 'சீப்' என்றுதான் கூப்பிடுகிறான். கப்பலில் சீப் என்ஜினியராக இருந்தவன் செத்தாலும் சீப்தான்.

அடியில் சிப்பி அப்பிக் கிடக்கிறது. நாளைக்குச் சுரண்ட வேண்டும்.

ஆகஸ்ட் 11

பழைய புரொப்பல்லர் கழல மறுத்தது. பன்னிரண்டு வருட உப்பு. புல்லர் என்கிற இழுப்பானை மாட்டி இறுக்கி, எசக்கிமுத்து பின்னாலிருந்து சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினான். அசையவில்லை. கேஸ் விளக்கால் சூடு காட்டச் சொன்னேன். மூன்றாவது தட்டில் கழன்று விழுந்தது, நான் பின்னால் நிற்பது தெரியாமல். "விலகுங்க விலகுங்கன்னு நாலு தடவை கத்துனனே சீப்!" என்கிறான். கத்தினவன் சத்தமாகக் கத்தவேண்டும். கால் கட்டைவிரலில் நகம் போயிற்று.

ரெமி அங்கேதான் ஒரு டிரம்மேல் உட்கார்ந்திருந்தான். எசக்கிமுத்துவிடம் பழையதைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். உப்பும் துருவும் வேட்டியெல்லாம் ஆயிற்று. "எடைக்குப் போட்டுறாதிய அத்தான். எங்கிட்ட இருக்கட்டும்."

"என்னத்துக்கு லே? மாலை போட்டுக் கும்பிடப்போறியா?"

சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 13

ஷாஃப்டின் சரிவு முனைக்கும் புதுப் புரொப்பல்லரின் ஹப் துளைக்கும் நடுவில் பசை தடவித் தேய்த்து உட்காரவைத்தேன். ஐந்து மணி நேரம். இரண்டையும் பிணைக்கும் சாவிக்கட்டையைப் பொருத்தி, நட்டை இறுக்கி, பூட்டுத்தகட்டை மடக்கினேன். கையால் சுண்டினால் இறக்கை இரண்டும் வெண்ணெய் மாதிரி மடங்குகிறது. இந்த வேலையை இந்தக் கடற்கரையில் என்னைப் போலச் செய்ய ஆள் கிடையாது. நான் சொல்லக்கூடாது, ஆனால் வேறு யாரும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 18

படகு தண்ணீரில். என்ஜினில் முன்னே, பின்னே இரண்டும் சரி. பின்னே போவதில் கொஞ்சம் சோம்பேறி, அது தெரிந்ததுதான்.

ஆகஸ்ட் 20

முதல் பாய் ஓட்டம். துறைமுக வாய் தாண்டும்வரை என்ஜினும் சுக்கானும் என் பொறுப்பு. வெளியே வந்து பாய் ஏறியதும் சுக்கான் ரெமி கைக்குப் போகும், நேர்ச்சைக் கணக்கும் அங்கிருந்துதான். நான் முன்னால் பாய்க்கயிற்றுப் பக்கம் உட்காருவேன். நாலைந்து வருடமாக இதுதான் வழக்கம். அதற்கு முன்னால் அவனே வெளியே கொண்டுவருவான், அவனேதான் பிறகு என்னிடம் விட்டான்.

என்ஜினை நிறுத்தி, கியரைப் பின்பக்கம் தட்டினேன். இறக்கை மடங்கியது. கருவியில் நான்கு புள்ளி ஆறு! இதே காற்றில் முன்னே நான்கைத் தாண்டாது. நான் எழுந்து நின்று கை தட்டினேன். அறுபத்தைந்து வயதில் கை தட்டினேன்.

பின்னால் திரும்பிப் பார்த்தால் ரெமி சுக்கானை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறான். ஒரு விரலால் படகோட்டுகிறவன் அவன். படகு போன தடம் தண்ணீரில் பாம்பு போனது போல் கிடந்தது. "என்ன மாப்ள, வழி மறந்துபோச்சா?" என்றேன். "செத்த காடு மாதிரி இருக்கு அத்தான்," என்றான். இதை அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்ததால் நன்றாகத் தெரிந்துகொண்டேன். என்ன அர்த்தம் என்று கேட்கவில்லை.

ஒன்று எழுத மறந்துவிட்டேன். பழைய புரொப்பல்லர் இருந்த காலத்தில் பாய் ஓட்டத்தின்போது கியரில் போட்டு ஷாஃப்டை நிறுத்திவை என்று நூறு தடவை சொல்லியிருப்பேன். கேட்கமாட்டான். நியூட்ரலில் விட்டு, ஓடும் தண்ணீரில் அது பாட்டுக்குச் சுற்றட்டும் என்பான். தேயுமே லே என்றால், "தேயட்டும்" என்பான். பிடிவாதக்காரன்.

ஆகஸ்ட் 24

ரெமிக்குக் காய்ச்சலாம். ஓட்டம் இல்லை.

ஆகஸ்ட் 28

இன்னும் காய்ச்சலாம். வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். நெற்றி பச்சைத்தண்ணீர் மாதிரிக் குளிர்ந்திருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் அந்தப் பழைய புரொப்பல்லர், துடைத்து எண்ணெய் போட்டு.

"இந்த வருசம் நேர்ச்சை வேண்டாம்னு இருக்கேன்," என்றான்.

எனக்கு வந்ததே கோபம். கடல் தாண்டி வந்த சாமான், நகம் போன விரல், ஒரு மாத வேலை, எல்லாம் இவனுக்காக. நன்றாகக் கேட்டுவிட்டு வந்துவிட்டேன். வரும்போது அவன் ஏதோ சொன்னான். திரும்பவில்லை.

ஆகஸ்ட் 30

ஜெசிந்தாவோடு சண்டை. அவள் தம்பிக்கு நன்றி கிடையாது என்றேன். அவள் மீன் அறுத்துக்கொண்டிருந்தவள் அரிவாள்மணையை விட்டு எழுந்துவிட்டாள்.

"அவன் வேண்டாம்னா ஏன் வேண்டாங்கான்னு ஒரு தடவை கேட்டியளா?"

"கேட்டேன். காய்ச்சல்ங்கான்."

"அவன் சொன்னது காய்ச்சல் மட்டுமா? வாசல்ல வச்சு வேற என்ன சொன்னான்?"

நான் பேப்பரை எடுத்து விரித்தேன்.

"உங்களுக்குச் சொல்லுதது செவிடன் காதுல சங்கு ஊதுன மாதிரிதான்," என்றாள். சொன்னவள் உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். அது பழமொழி, எல்லாரும் சொல்வது. எனக்கு ஏன் சாப்பாடு இறங்கவில்லை என்று தெரியவில்லை.

செப்டம்பர் 1

ரெமியே வந்தான். திருச்செந்தூர்வரை ஒரு ஒத்திகை ஓட்டம் போய்ப் பார்ப்போம் என்றான். அக்காள் அனுப்பியிருப்பாள்.

செப்டம்பர் 3

இதை ஒழுங்காக எழுதவேண்டும். காப்பி இரண்டாவது தடவை ஆறிவிட்டது.

விடியும்போது ஐந்தரைக்குப் புறப்பட்டோம். நல்ல கரைக்காற்று. நான்கரைக்குக் குறையாத ஓட்டம். சரியாக ஒன்பது ஐந்துக்குத் திருச்செந்தூர்க் கோபுரம் எங்களுக்கு நேர் வலப்பக்கம் வந்தது. பன்னிரண்டு வருடத்தில் இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை. கோபுரம் நேருக்கு வந்ததும் படகைத் திருப்புவது என்றுதான் பேச்சு.

வழக்கமாக ரெமிதான் முதலில் சொல்வான். "அத்தான், கோபுரம் வந்தாச்சு." நான் திரும்பிப் பார்த்தால் அது நூல் பிடித்த மாதிரி நேர் பக்கத்தில் நிற்கும். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. தண்டல் கண் என்று நான் பெருமைப்படுவேன்.

இன்று சொல்லவில்லை. படகையும் திருப்பவில்லை. ஓட்டம் பிடித்துப்போய் இன்னும் கொஞ்சம் போக நினைக்கிறான் போல என்று பேசாமல் இருந்தேன். கோபுரம் பின்னால் போயிற்று. இன்னும் பின்னால் போயிற்று. ஒன்பதரைக்கு அவன் எட்டி என் தோளைத் தொட்டு, கழுத்தை நிமிர்த்தி, வெறும் மணலும் பனையும் தெரிந்த கரையைக் காட்டினான்.

"அத்தான், கோபுரம் வந்தாச்சு."

விளையாடுகிறான் என்று சிரித்தேன். அப்புறம் அவன் கண்ணைப் பார்த்தேன். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் நான் முகத்தை நகர்த்தினேன், அது நகரவில்லை.

 என்ன சொல்வது என்று நினைப்பதற்குள் அவன் சுக்கானை முழுசாக ஒதுக்கினான். படகு சாய்ந்து திரும்பியது, பாய் மறுபக்கம் அடித்தது, நான் விழுந்தேன். "கூப்பிடுதாகள்லா, கேக்கலையா?" என்று கத்தினான்.

பாய்க்கு அந்தப்பக்கம், எங்களுக்குப் பத்தடியில் ஒரு வள்ளம். வலை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான்கு பேர் எழுந்து நின்று கையை ஆட்டுகிறார்கள், வாய் திறந்து மூடுகிறது. எவ்வளவு நேரமாகக் கத்தினார்களோ. பாய் மறைத்ததால் எனக்கு வள்ளம் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் சத்தம் காதில் விழுந்திருக்கவேண்டும். பின்னால் இருந்தவனுக்குக் கேட்டது.

ஒரு கை அகலத்தில் தப்பினோம். வள்ளத்தில் இருந்த பெரியவர் எங்களைப் பார்த்துக் கத்தியது, அவ்வளவு பக்கத்தில் என்பதால், எனக்கே கேட்டது.

"ஏல, கண்ணு தெரியாதா? காது கேக்காதா?"

யாரும் யாரிடமும் சொல்லும் வசவுதான்.  திரும்பி வரும் வழி நான்கு மணி நேரம். சுக்கான் என் கையில். ரெமி முன்னால் போய்க் குந்தியிருந்தான். அவன் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன்.

செப்டம்பர் 4

எழுத ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 5

ஜெசிந்தாவிடம் கேட்டேன், ரெமிக்குக் கண் எவ்வளவு நாளாக இப்படி என்று. நான்கு வருடமாம். மதுரை டாக்டர், கண் அழுத்தம், மருந்து, எல்லாம் இவளுக்குத் தெரியும். "உங்கட்ட சொல்லக்கூடாதுன்னு மாதா படத்துமேல சத்தியம் வாங்கிட்டான்."

"நாலு வருசமா முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்க," என்றேன்.

"ஒரு பூசணிக்காயா?" என்றாள் அவள். "ரெண்டுல்லா மறைச்சிருக்கேன்."

நான் எழுந்து மாடிக்குப் போய்விட்டேன்.

செப்டம்பர் 8

மாதா பிறந்தநாள். பூசை முடிந்து ரெமி வீட்டுக்குப் போனேன். அவன் கதவைத் திறந்ததும் முகத்துக்கு நேரே நின்றேன். இனிமேல் அவன் வாய் தெரிகிற மாதிரித்தான் நிற்கவேண்டும் என்று முடிவெடுத்திருந்தேன்.

"ஏம் லே சொல்லல?"

"சொன்னா சுக்கானைத் தருவியளா அத்தான்?"

கொடுத்திருக்கமாட்டேன். அவனுக்கும் தெரியும்.

"இவ்வளவு நாளும் எப்படி ஓட்டுன?"

"கன்னத்துல காத்து. காலுக்கடில அலை. வெயில் எந்தத் தோள்ல சுடுதுன்னு பாப்பேன். அது போக, ஷாஃப்டு பாடும்லா?" மடியில் அந்தப் பழைய புரொப்பல்லரை வைத்துச் சுற்றிக்கொண்டே சொன்னான். "ரெண்டு மைல்ல போனா பூனை உறுமுத மாதிரி. மூணு வந்தா கோவில் ஆர்மோனியத்துல அடிக்கட்டை. நாலுன்னா அதுக்கு ரெண்டு கட்டை மேல. எத்தன நேரம் எந்தக் கட்டைல ஓடிச்சின்னு மனசுல கூட்டிக்கிட்டே வருவேன். கூட்டிப் பாத்தா கோபுரம் வந்துரும். பன்னெண்டு வருசமா உங்க காலுக்கடிலதான அத்தான் பாடுது. கேக்கலையா?"

அதற்காகத்தான் நியூட்ரல். அதற்காகத்தான் தேயட்டும் என்றான்.

நான் அவனுக்கு அரை மைல் கொடுத்ததாக நினைத்துக்கொண்டு, இருந்த கண்ணையும் பிடுங்கி, மேலே பசை தடவி இறுக்கிப் பூட்டுத்தகடு மடக்கியிருக்கிறேன். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கானது என்பார்கள். எனக்குக் குரங்குகூட அமையவில்லை.

"அன்னைக்கு வாசல்ல என்னமோ சொன்னியே," என்றேன்.

"பழசை மாட்டுங்க அத்தான், மெதுவாவே போவோம்னு சொன்னேன். நீங்க திரும்பிப் பாக்காமப் போயிட்டிய."

அப்புறம் அவன் என் தோளைத் தொட்டான். "பேசுததுக்கு முன்னால நான் எப்பவும் ஏன் உங்களைத் தொடுதேன்னு நெனச்சிய?"

வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். முப்பது வருடம் என்ஜின் அறையில் காதுமூடி போடாமல் நின்றவன் நான். காதுமூடி போட்டால் என்ஜினின் நோய் தெரியாது என்று இளையவர்களிடம் வீரம் பேசினவன். எனக்கு அந்த ஷாஃப்டின் சத்தம் ஒரு நாளும் கேட்டதில்லை. கோவில் ஸ்பீக்கரில் குறை இல்லை. எசக்கிமுத்து நாலு தடவை கத்தித்தான் இருப்பான்.

எனக்குக் காது கேட்பதில்லை.

செப்டம்பர் 9

எசக்கிமுத்துவிடம் படகை மறுபடியும் கரையேற்றச் சொன்னேன். "என்ன சீப், போன மாசந்தான மாட்டுனோம்? புதுசுல கோளாறா?" என்றான்.

"புதுசு தங்கம். கோளாறு எங்கிட்ட," என்றேன். அவன் ஒன்றும் விளங்காமல் வின்ச்சைப் போடப் போனான்.

செப்டம்பர் 10

பழையதை மாட்டியாயிற்று. ரெமி தானே தூக்கிக் கொடுத்தான். சாவிக்கட்டையையும் அவனே விரலால் தடவிப் பொருத்தினான். என்னைவிடச் சரியாகவே உட்கார்ந்தது.

புதியதைத் துடைத்து எண்ணெய் போட்டுப் பெட்டியில் வைத்தேன். பிரிஸில்லாவிடம் போனில் சொன்னேன். ஜெசிந்தாதான் அவள் சொன்னதை எனக்குத் திருப்பிச் சொன்னாள். "அப்பா அழுறாரா?" என்று கேட்டாளாம். இல்லை என்று சொல்லச் சொன்னேன்.

செப்டம்பர் 11

பழைய சிக்கல் அப்படியே நிற்கிறது. பழைய புரொப்பல்லர் என்றால் பழைய வேகம். பிற்பகல் காற்று செத்தால் மறுபடி என்ஜின். என்ஜின் போட்டால் படகு விலைக்கு. கடல்வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு ரெமியும் நானும் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தோம். அவன் விரலால் தொட, நான் தூரம் சொல்ல. எந்த வழியில் பார்த்தாலும் ஒரு மணி நேரம் குறைகிறது.

ஜெசிந்தா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். "ஒரு நாள் முந்திப் புறப்பட்டா என்ன?"

இருவரும் அவளைப் பார்த்தோம். ரெமி சத்தம் வந்த பக்கம் பார்த்தான்.

"நாளைக்குக் காலைல கெளம்புங்க. வீரபாண்டியன்பட்டினத்துல நங்கூரம் போட்டு எங்க சித்தி மகன் வீட்டுல தங்குங்க. மறுநாள் ஆற அமர மணப்பாடு. ஒரே பகல்ல வாரேன்னா நேர்ந்த?"

ரெமி வரைபடத்திலிருந்து விரலை எடுத்தான். "இல்ல," என்றான். "அது என் திமிரு."

இரண்டு வருடமாக இரண்டு ஆண்பிள்ளைகள், ஒரு தண்டல், ஒரு சீப் என்ஜினியர். டென்மார்க்குவரை போய்விட்டோம்.

"நானும் வாரேன்," என்றாள் அடுத்தபடி. அவளுக்குப் படகில் கால் வைத்தாலே வாந்தி. பன்னிரண்டு வருடத்தில் ஏறியதில்லை. "ஒருத்தனுக்குக் கண்ணில்ல, ஒருத்தருக்குக் காதில்ல. ரெண்டு பேரையும் தனியா அனுப்பிட்டு நான் வீட்டுல ஜெபமாலை உருட்டவா? போன பன்னெண்டு வருசம் உருட்டுனது போதும்."

செப்டம்பர் 12

புறப்பட்டோம். ஜெசிந்தா வாந்தி எடுத்தாள், துடைத்துக்கொண்டாள், "எடப்பக்கம் வள்ளம், தூரமா," என்றாள், மறுபடி எடுத்தாள். பட்டினத்தில் கரையேறி மீன்குழம்பு சாப்பிட்டோம். அவள் மட்டும் கஞ்சி.

செப்டம்பர் 13

காலை பத்தரைக்கு நங்கூரம் எடுத்தோம். பாய் ஏறியதும் சுக்கானை ரெமியிடம் கொடுத்தேன். கியரை நியூட்ரலில் விட்டேன். நானாகவே விட்டேன்.

ஒரு விரலால் பிடித்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தான். படகின் தடம் கோடு போட்ட மாதிரி பின்னால் கிடந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு அவன் முகத்தை முகமாகப் பார்த்தேன்.

ஜெசிந்தா காவல் இருக்க, நான் உள்ளே இறங்கி, தரைப்பலகையைத் தூக்கி, ஷாஃப்ட் வெளியே போகிற குழாயின்மேல் உள்ளங்கையை வைத்தேன். முதலில் ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். அப்புறம் வந்தது. மெல்லிசாக, விடாமல், பூனையின் முதுகில் கை வைத்த மாதிரி. காற்று ஏறினபோது ஏறியது, தணிந்தபோது தணிந்தது. பன்னிரண்டு வருடம் நான் எண்ணெய் போட்டுப் பராமரித்த இயந்திரம் இப்படிப் பேசுகிறது என்று இன்றுதான் தெரியும். கூச்சமில்லாமல் எழுதுகிறேன், அழுதேன்.

"நாலு மைல்!" என்று மேலே பார்த்துக் கத்தினேன்.

ரெமி தலையைச் சாய்த்துக் கேட்டான். மூன்று விரலைக் காட்டி, நான்காவதை முக்கால்வாசி மட்டும் நீட்டினான். மூன்றே முக்கால்.

ஜெசிந்தா கருவியைப் பார்த்தாள். அவளும் விரலால் காட்டினாள். மூன்று, அப்புறம் எட்டு.

பன்னிரண்டு மணிக்குமேல் காற்று செத்தது. எப்போதும் சாகும் இடம்தான். மூன்று மைல், இரண்டு, ஒன்றரை. இந்த முறை நேரம் எங்களிடம் இருந்தது. கொண்டுவந்த புளிச்சோற்றைச் சாப்பிட்டோம். என்ஜின் சாவியைக் கழற்றி ஜெசிந்தாவின் பையில் போட்டுவிட்டேன். மூன்றரைக்கு மேல் கடல்காற்று மெல்ல எழுந்து பாய் உப்பியது.

மணப்பாட்டு மேடு தெரிய ஆரம்பித்தபோது ரெமி ஏதோ கேட்டான். பாய்க்கயிற்றில் இரண்டு கையும் இருந்ததால் அவன் வாயைப் பார்க்கவில்லை. எட்டாத தூரத்தில் இருந்ததால் அவனாலும் என் தோளைத் தொட முடியவில்லை. இந்த மாதிரி நேரத்தில் நான் தலையாட்டிவிடுவேன். எத்தனை வருடமாக, எத்தனை பேருக்கு, எதற்கெல்லாம் தலையாட்டியிருக்கிறேனோ.

கயிற்றைக் கட்டிவிட்டு அவன் பக்கம் போய் உட்கார்ந்தேன். "கேக்கல லே. திருப்பிச் சொல்லு," என்றேன்.

அவன் என் பக்கம் முகத்தைத் திருப்பினான். பிறகு கடலுக்கே கேட்கும்படி கத்தினான்.

"கோவில் தெரியுதான்னு கேட்டேன் அத்தான்!"

இதை அவன் என்னிடம் கேட்டதே இல்லை. எப்போதும் அவன்தான் எனக்குச் சொல்வான்.

"தெரியுது," என்றேன். மேட்டின்மேல் கோவில், புதுசாகச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள், வெள்ளை கண்ணைக் கூசுகிறது என்றேன். கொடி ஏறியிருக்கிறது, மேற்கே பறக்கிறது. கரை முழுக்க வள்ளம், எல்லாவற்றிலும் கொடி. படிக்கட்டில் வெள்ளைச் சேலைகள். கரையில் ஒரு சின்னப் பிள்ளை நம் படகைக் கையால் காட்டுகிறது. எதையும் விடவில்லை. அவன் சுக்கானை ஒரு விரலால் பிடித்தபடி கேட்டுக்கொண்டே வந்தான்.

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது படகு மணலில் தட்டியது. பாய் இன்னும் ஏறியே இருந்தது. ரெமி சுக்கானை விடவில்லை. நாங்கள் இருவரும் அவனை அவசரப்படுத்தவில்லை.